டைனோசர் செய்தியைப் படிக்கும் முறை

எங்கள் அறிவியல் மன்றப் பிள்ளைகள் "புது டைனோசர் கண்டுபிடிச்சுட்டாங்க சார்" என்று செல்போனை நீட்டினால் நான் கேட்கும் முதல் கேள்வி: எந்த எலும்பு கிடைத்தது? செய்தியில் வரும் வண்ணப் படத்தை நம்பி உட்காராதீர்கள். அது ஓவியர் வரைந்தது. ஆய்வுக் கட்டுரையில் பெரும்பாலும் ஓர் எலும்புக்கூட்டுக் கோட்டுப்படம் இருக்கும். கிடைத்த எலும்புகளுக்கு மட்டும் நிறம் தீட்டியிருப்பார்கள். அதைத் தேடுங்கள்.

டெய்னோகைரஸ் என்ற டைனோசரை எடுத்துக்கொள்வோம். 1965இல் கோபி பாலைவனத்தில் போலந்து, மங்கோலிய ஆய்வாளர்கள் ஒரு ஜோடிக் கைகளைத் தோண்டி எடுத்தார்கள். ஒவ்வொன்றும் 2.4 மீட்டர், வாசற்கதவைவிட நீளம். உடம்பின் மற்ற பாகங்களில் சில துண்டுகள்தான் மிஞ்சியிருந்தன. பல ஆண்டுகள் அந்தக் கைகளைச் சுற்றி ஆளுக்கொரு விலங்கைக் கற்பனை செய்தார்கள்.

அடுத்து, உறவையும் வாழ்க்கை முறையையும் தனித்தனியாகப் பிரித்துப் படியுங்கள். இதுதான் முக்கியம். 1970களின் தொடக்கத்திலேயே அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜான் ஆஸ்ட்ரம், கையெலும்பின் அமைப்பைப் பார்த்து, இது நெருப்புக்கோழிச் சாயலுள்ள டைனோசர்களான ஆர்னிதோமிமோசார்களின் உறவு என்றார். அந்தக் கணிப்பு நிலைத்தது. ஆனால் பின்னால் கிடைத்த எலும்புக்கூடுகளை வைத்து 2014இல் முழு உருவம் வெளிவந்தபோது அசந்துபோனோம்: சுமார் 11 மீட்டர் நீளம், பல்லில்லாத வாத்துமூக்கு, முதுகில் உயர்ந்த மேடு, வயிற்றுப் பகுதியில் 1,000க்கும் மேற்பட்ட கற்கள், கூடவே மீன் எச்சம். மெலிந்து, வேகமாக ஓடுபவை என்று நினைத்திருந்த குடும்பத்தில் இப்படி ஒரு கனத்த, மெதுவாக நடக்கும் விலங்கும் உருவாகியிருந்தது. கையை மட்டும் பார்த்து இதை யாராலும் சொல்லியிருக்க முடியாது.

மூன்றாவதாக, எலும்பு எந்த இடத்தில், எந்தப் பாறை அடுக்கில் கிடைத்தது என்று பாருங்கள். 2009இல் தோண்டிய டெய்னோகைரஸின் மண்டையோட்டையும் பாதங்களையும் திருடர்கள் அதற்கு முன்பே வெட்டி எடுத்துப் போயிருந்தார்கள். அவை பிறகு ஐரோப்பாவில் ஒரு தனியாரிடம் தென்பட்டன. குழியில் விட்டுப்போன ஒரு கால்விரல் எலும்பு அந்தப் பாதத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. மண்ணும் நிறமும் ஒத்துப்போயின. அப்புறம் அவை மங்கோலியாவுக்கே திரும்பின. எல்லாத் திருட்டு எலும்புக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. ஏலத்தில் வந்த, ஊர் பேர் இல்லாத எலும்பை வைத்துப் பரிணாமம் பேசும் செய்தியென்றால், அதே இனத்தின் இன்னொரு எலும்பு முறையாகத் தோண்டி எடுக்கப்படும்வரை பொறுத்திருங்கள்.