பூனையின் வாய் நாற்றத்துக்கு மீன் காரணமில்லை

கடலோர ஊரான எங்கள் மண்டபத்தில் மீன் தின்னாத பூனை ஏது, அதனால் எங்கள் பூனையின் வாய் நாறியபோது வீட்டில் எல்லோரும் சாளை வாடை என்றே சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் கடைவாய்ப் பல்லில் மஞ்சளாகப் பற்காரை (அழுக்கு படிந்து கல்லாக இறுகியது), அதையொட்டி ஈறு சிவந்து கிடந்தது, ஒரு பக்கமாகவே மென்றதும் அதனால்தான்.

இராமநாதபுரத்தில் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். இறுகிப்போன காரை தேய்த்தால் போகாதாம். இரத்தப் பரிசோதனை செய்து, மயக்க மருந்து கொடுத்துச் சுரண்டி எடுத்தார், ஆடிய பல் ஒன்றையும் பிடுங்கினார். புண் ஆறியதும் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்துவிட்டது, பாவம், எவ்வளவு வலியைப் பொறுத்திருக்கும்!

அப்புறம் வீட்டு வேலை. நாம் தேய்க்கும் பற்பசை கூடவே கூடாது, பூனைக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். நாய் வைத்திருப்பவர்கள் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த பசையைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், உயிருக்கே ஆபத்து. பிராணிகளுக்கென்று விற்கும் பசையை முதலில் விரலில் நக்கக் கொடுத்துப் பழக்கினேன், பிறகு துணியை விரலில் சுற்றி, பல்லின் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்தேன். தினமும் தேய்க்க வேண்டும், படியும் அழுக்கு சில நாளிலேயே கல்லாகிவிடும். ஈறில் இரத்தம் கசிந்தால் மறுபடி மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.