விடுமுறையின் கடைசி வாரங்கள்: சிறு பிள்ளைகளுடன் யாழ்ப்பாணத்தில்

கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வரும் குடும்பங்களில் பல, முதல் இரண்டு வாரங்களை உறவினர் வீடுகளுக்கும் நேர்த்திக்கடன்களுக்கும் காணி அலுவல்களுக்கும் கொடுத்துவிட்டு, விமானம் ஏற ஏழெட்டு நாட்கள் இருக்கும்போதுதான் பிள்ளைகளை ஓரிடமும் கூட்டிச் செல்லவில்லையே என்று கவலைப்படத் தொடங்குகின்றன. உடனே ஒரு வான் பிடித்து, காலையில் நயினாதீவு, மத்தியானம் கீரிமலை, பின்னேரம் கசூரினா, இருட்டுமுன் பருத்தித்துறை என்று ஒரே நாளில் குடாநாட்டைச் சுற்றி வருகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்த நாளில் மிஞ்சுவது வானின் பின்னிருக்கையும் சத்தியும்தான். மூன்று வயது முதல் எட்டு வயது வரையான பிள்ளைகளோடு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வயதில் பயணம் குறுகியதாகவும் விளையாட்டு நீண்டதாகவும் இருக்க வேண்டும் என்பதும், ஒரு நாள் வெளியே போனால் மறுநாள் முழுவதும் முற்றத்தில் விட்டுவிட வேண்டும் என்பதும் என் எண்ணம்.

முதலில் நேரக் கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கோடையில் இலங்கை நேரம் லண்டனைவிட நான்கரை மணித்தியாலமும், ரொறன்ரோவைவிட ஒன்பதரை மணித்தியாலமும் முன்னே நிற்கும். ஆகவே லண்டன் பிள்ளை இரவில் நித்திரை கொள்ளாமல் காலையில் எழும்ப மறுக்கும். ரொறன்ரோப் பிள்ளை நடுச்சாமத்தில் எழும்பிச் சோறு கேட்கும். முதல் மூன்று நாட்களுக்கு எந்தப் பயணத்தையும் வைக்காதிருப்பது நல்லது. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும் நாடுகளிலிருந்து வருபவர்கள், இங்கே மாலை ஆறரை மணியளவில் சூரியன் மறைந்ததும் மளமளவென்று இருள் சூழ்ந்துவிடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. காலை ஆறு முதல் ஒன்பதரை வரையும், பின்னேரம் நான்கு முதல் ஆறரை வரையுமே பிள்ளைகளுக்கு வெளியில் உகந்த நேரம். இடைப்பட்ட வெயிலில் வீட்டு நிழலைவிடச் சிறந்த சுற்றுலாத்தலம் குடாநாட்டில் இல்லை.

கடலுக்கு என்றால் காரைநகரின் கசூரினாவையே முதலில் சொல்வேன். வடக்கு நோக்கிய கரை என்பதால், இந்த மாதங்களில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று அங்கே கடலை அவ்வளவாகக் கிளப்புவதில்லை. கரையிலிருந்து வெகுதூரத்துக்கு ஆழமும் குறைவு. ஆனாலும் பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்காமல் எந்தப் பிள்ளையையும் நீரில் விடக்கூடாது. கரையில் அமர்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது காவல் ஆகாது. வாளியும் பிளாஸ்ரிக் அச்சுகளும் சூட்கேஸில் கொண்டுவர வேண்டியதில்லை. வீட்டிலிருந்து நான்கு சிரட்டைகளை எடுத்துச் சென்றால், ஈர மணலில் புட்டும் இட்டலியும் கோட்டையும் தாமாகவே உருவாகும்.

வல்லிபுரத்துக்கு அப்பால் மணற்காட்டில் மணற்குன்றுகள் உள்ளன. மண்ணில் புதைந்து சிதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் தேவாலயமும் அங்கேதான். நடுப்பகலில் அந்த மணல் வெறுங்காலைச் சுட்டுவிடும் என்பதால் நாலரை மணிக்குப் பிறகு போங்கள். போகும்போது காய்ந்து விழுந்த கமுகம் மடல் ஒன்றைக் கொண்டு போனால், அதில் பிள்ளையை இருத்திச் சிறு சரிவுகளில் இழுத்து விளையாடலாம்.

கீரிமலைக்கு ரயிலில் போவதைப் பரிந்துரைப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வரையான பாதை 2015 சனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. தூரம் குறைவு, யன்னலில் பனைகளும் தோட்டங்களும் ஓடும், பிள்ளை சலிப்பதற்குள் இறங்கிவிடலாம். புறப்படும் நேரத்தை முதல் நாளே நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். காங்கேசன்துறையில் இறங்கி ஓட்டோவில் போனால் கேணி அருகில்தான். கடலலை மோதும் இடத்துக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதை எந்தப் பாடப்புத்தகத்தாலும் அவ்வளவு தெளிவாக விளக்க முடியாது. ஒரு விரலைக் கடலிலும் மறு விரலைக் கேணியிலும் நனைத்து நாக்கில் வைக்கச் சொல்லுங்கள். ஆடி அமாவாசையன்று மட்டும் பிதிர்க்கடன் கழிக்க வருவோரின் கூட்டம் பெரிதாக இருக்கும். சிறுவர்களோடு அன்று போக வேண்டாம்.

யாழ்ப்பாணக் கோட்டை மாலை நடைக்கு ஏற்றது. போர்த்துக்கேயர் 1618 அளவில் கட்டத் தொடங்கி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐந்து முனைகளுடன் திருத்தியமைத்த கோட்டை அது. கொத்தள விளிம்புகளில் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு என்பதால் சின்னவர்களின் கையை விடாதீர்கள். நெடுந்தீவு பற்றி எல்லோரும் கேட்பார்கள். குதிரைகளையும் பெருக்குமரத்தையும் காணப் பிள்ளைகள் ஆசைப்படுவது இயல்பே. ஆயினும் குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் படகுப் பயணம், நிழல் குறைந்த தீவு, சோளகத்தில் ஆடும் கடல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களோடு இந்தப் பருவத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது. படகில் ஏறியே தீர வேண்டுமென்றால் நயினாதீவு போதும்.

நல்லூர்த் திருவிழா 25 நாட்கள் நடந்து ஆவணி அமாவாசையன்று தீர்த்தத்துடன் நிறைவடைவதால், ஆண்டுக்கு ஆண்டு ஓகஸ்ட் நடுப்பகுதிக்கும் செப்டெம்பர் நடுப்பகுதிக்கும் இடையே அதன் முடிவு நகரும். பயணச்சீட்டு வாங்குமுன் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 24 ஆம் நாள் தேருக்கு இடுப்பளவு உயரமுள்ள பிள்ளையை அழைத்துச் சென்றால் அதற்குத் தெரிவது வேட்டிகளும் சேலைகளும் மட்டுமே. முதற் பத்து நாட்களில் ஒரு மாலைப்பொழுதுதான் அவர்களுக்கு உரியது. வாகனம் நுழையாத, மணல் பரப்பிய வீதியில் செருப்பில்லாமல் ஓடலாம், கச்சான் வாங்கிக் கொறிக்கலாம், ஐஸ்கிறீம் குடிக்கலாம். கூட்டத்தில் தவறினால் உதவும்படி, உள்ளூர் சிம் அட்டையின் இலக்கத்தைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். வெளிநாட்டு இலக்கம் அந்த வேளையில் பயன்படாது. கோயிலுள்ளே ஆண்கள் மேற்சட்டையைக் களைய வேண்டும் என்பதைச் சிறுவர்களுக்கு வீட்டிலேயே சொல்லி வைத்தால் வாசலில் அழுகை இராது.

இனி, முற்றம். என் அனுபவத்தில், ஊருக்குத் திரும்பி வந்த பிள்ளைகள் பின்னாளில் அதிகம் பேசுவது இதைப்பற்றியே. ஆவணி மாதம் பனம்பழம் விழும் காலம். அதிகாலையில் தொப்பென்று பழம் விழும் ஒலி கேட்டு, யார் முதலில் எடுப்பது என்று ஓடுவதே ஒரு விளையாட்டு. ஆனால் பழம் பாரமானது. காற்று வீசும்போது பனைக்கு நேர் கீழே நின்று விளையாட விடக்கூடாது. பழத்தைச் சுட்டோ பச்சையாகவோ தோலுரித்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து களி எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் தாராளமாக ஒப்படைக்கலாம். முழங்கை வரை மஞ்சளாகும். சட்டையில் பட்டால் இலகுவில் போகாது. ஆகவே பழைய சட்டையொன்றை அதற்கென ஒதுக்கிவிடுங்கள். களி அம்மம்மாவின் கையில் பனங்காய்ப் பணியாரமாகும். யாழ்ப்பாணத்தாரைக் கேலி செய்பவர்கள் 'பனங்கொட்டை சூப்பிகள்' என்பார்கள். அந்தப் பட்டத்தை உங்கள் பிள்ளைகளும் நேர்மையாகச் சூப்பியே சம்பாதிக்கட்டும். சூப்பிய கொட்டையைக் கழுவிக் காயவைத்தால் தும்பு தலைமயிராகவும் தாடியாகவும் நிற்கும். கரியால் கண்ணும் வாயும் வரைந்தால் ஒரு குடும்பமே உருவாகிவிடும். எங்கள் வீட்டில் ஒரு முறை பத்துக் கொட்டைகளுக்குப் பெயரிட்டு, கலியாணமும் செய்து வைத்து, பந்தியும் போட்டார்கள்.

தென்னோலை கிடைத்தால் காற்றாடி, பாம்பு, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாம் செய்யலாம். உங்களுக்கு மறந்திருந்தால் வெட்கப்படாமல் ஊரிலுள்ள பெரியப்பாவிடம் கேளுங்கள். பிள்ளையோடு என்ன பேசுவதென்று தெரியாமல் ஒதுங்கி இருக்கும் பெரியவர்கள் பலர், கையில் ஒரு ஓலையைக் கொடுத்ததும் பேசத் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன். பூவரசம் இலையைச் சுருட்டி ஊதினால் பீப்பீ. நுங்குக் கோம்பை இரண்டைத் தடியில் கோத்தால் வண்டில். ஈர்க்கும் மெல்லிய கடதாசியும் இருந்தால் சிறு பட்டம். வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டி தைப்பொங்கலுக்குரியது என்றாலும், கையளவு பட்டத்துக்குச் சோளகமே போதும். மின்கம்பி இல்லாத வெளியாகப் பார்த்து ஏற்றுங்கள்.

மண்சோறு ஆக்கி விளையாடுவதற்கு மூன்று கல்லும் சிரட்டையும் போதும். அடுப்பில் நெருப்பு வேண்டியதில்லை. உரும்பிராய், கோப்பாய், சுன்னாகம் போன்ற செம்மண் ஊர்களில் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் காலையில் வாய்க்காலில் கடதாசிக் கப்பல் விடலாம். எந்தப் பாத்தியில் மருந்து அடித்திருக்கிறது என்பதைத் தோட்டக்காரரிடம் கேட்ட பின்னரே பிள்ளைகளை இறக்குங்கள். மெழுகு வண்ணக்குச்சிகள் இங்குள்ள வெப்பத்தில் இளகிவிடும். நிற பென்சில்கள் கொண்டுவாருங்கள். மத்தியான வேளையில் ஒவ்வொரு நாளும் ஒரு படம் வரையச் செய்து, அதன் கீழே ஒரேயொரு தமிழ்ச் சொல்லை அம்மம்மாவையோ அப்பப்பாவையோ எழுதச் சொன்னால், பயணம் முடியும்போது துலா, சிரட்டை, கோம்பை என்று இருபது முப்பது சொற்கள் கையில் இருக்கும். உறவினர் முன்னிலையில் "தமிழில் சொல்லு பார்ப்போம்" என்று பிள்ளையை நிறுத்திப் பரீட்சை வைப்பதால் ஒரு சொல்லும் வராது.

விளையாட்டுக்கு மொழி அதிகம் வேண்டாம். கெந்திக் கோடும் ஒளித்துப் பிடித்தலும் பார்த்த கணத்தில் விளங்கும். 'எவடம் எவடம், புங்கடி புங்கடி' விளையாட்டில் கண்ணைப் பொத்தி, கையில் மண்ணும் ஈர்க்கும் ஏந்திச் செல்லும் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது அந்த இரண்டு சொற்களே. ஊரிலுள்ள மச்சான், மச்சாள்மாருக்கு விடுமுறையிலும் ரியூசன் இருக்கக்கூடும், அதிலும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்கு நேரமே இராது. ஆகையால் அவர்களின் நேரத்தை அறிந்து உங்கள் திட்டத்தை வையுங்கள். டப்லெட்டை முற்றத்துக்குக் கொண்டுவந்தால் பத்துப் பிள்ளைகளும் அதைச் சுற்றி அமர்ந்துவிடுவார்கள். அதைப் பெட்டிக்குள்ளேயே பூட்டி வையுங்கள்.

பாதுகாப்பில் எனக்கு மிகவும் அச்சமூட்டுவது கிணறு. வெளிநாட்டில் வளரும் பிள்ளை கிணற்றைக் கண்டிராது. வீட்டுக் கிணற்றின் கட்டு உயரம் குறைந்ததாக இருக்கலாம், தோட்டக் கிணறுகளில் கட்டே இல்லாமலும் இருக்கலாம். வந்த முதல் நாளே தூக்கிப் பிடித்து உள்ளே காட்டி, ஆசை தீர்ந்தபின் தனியே அருகில் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். வலை போட முடிந்தால் போடுங்கள். தெருநாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிறு கீறல்தானே என்று விடக்கூடாது. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, எனவே காலை விளையாட்டுக்கும் நுளம்புத் தைலம் தேவை. வயிற்றோட்டத்துக்கு, நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூளான ஜீவனியை மருந்துக்கடையில் கேளுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. முன்னாள் போர்ப்பகுதிகளூடாகச் செல்லும்போது, சிவப்பு அபாயப் பலகை நட்ட காணிகளுக்குள் சிறுநீர் கழிக்கக்கூட இறங்க வேண்டாம். நிலத்தில் கிடக்கும் இனந்தெரியாத இரும்பை எடுக்கக்கூடாது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

பெட்டி கட்டும்போது பிள்ளையின் சேகரிப்புகளை ஒருமுறை பாருங்கள். பவளப்பாறைத் துண்டுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவற்றைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். ஊர் மண்ணைப் போத்தலில் கொண்டுபோகும் வழக்கம் நம்மவரிடம் இருந்தாலும், கனடா, அவுஸ்திரேலியா, பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எதுவும் அதை இயல்பாக அனுமதிப்பதில்லை. அவுஸ்திரேலியாவுக்குத் திரும்புவோர் ஓலைப் பொருட்களையும் படிவத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். பனங்கொட்டைக் குடும்பத்தையும் விட்டுச் செல்லத்தான் வேண்டும். அதற்காக அழும் பிள்ளையைக் கொண்டே, புறப்படும் முதல் நாள் பின்னேரம், கொட்டைகளைக் கிணற்றடிக்கு அப்பால் ஒரு பாத்தியில் புதைக்கச் செய்யுங்கள். மூன்று நான்கு மாதங்களில் அவை கிழங்காகும். கிண்டும் நாளில் வீடியோ அழைப்பில் காட்டும்படி அம்மம்மாவிடம் சொல்லிவிட்டு வரலாம். எந்தக் கொட்டை எந்தக் கிழங்கு என்று அடையாளம் தெரிய, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர் எழுதிய ஈர்க்கு ஒன்றை நட்டுவிட மறக்காதீர்கள்.