8 எம்எம் ரிங் கையால வளைக்கிறவங்களுக்கு: கை எங்க, சாவி எங்க, வால் எவ்வளவு

கம்பி கட்டுற வேலைக்கு புதுசா வர்ற பசங்க கையில முதல்ல குடுக்கிறது ரிங், அதாவது பில்லர்ல நிக்கிற கம்பிகளச் சுத்தி மாட்டுற வளையம், அத வளைக்கிற வேலைதான், "அது சின்ன வேலைடா, உக்காந்து வளை"ன்னு சொல்லிட்டு போயிருவாங்க, ஆனா பில்லர்ல மெயின் கம்பி எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சு நிக்க வைக்கிறதே அந்த ரிங்தான். எனக்கு இந்த வேலைய கத்துக்குடுத்தது எங்க மாமா. அவரு முதல் நாள் சொன்னது, "தோள்ல வலி வந்தா நீ தப்பா வளைக்கிறடா மாப்ள". அப்ப புரியல, ஒரு வாரம் ராத்திரி தோள்ல தைலம் தேய்ச்சுட்டு படுத்தப்புறம்தான் புரிஞ்சுது.

முதல்ல பலம் பத்தி பேசிருவோம், ஏன்னா எல்லாரும் இங்கதான் தப்பா ஆரம்பிக்கிறாங்க. 8 எம்எம் டிஎம்டி கம்பி (கட்டிடத்துக்குப் போடுற வரி வரியான கம்பி), எஃப்இ 500 கிரேடு (பலத்துக்கான தரம்), அத 2 அடி சாவி, அதாவது வாய்ல கம்பிய கவ்வி வளைக்கிற நீள இரும்பு, போட்டு வளைக்க எவ்வளவு இழுப்பு வேணும்னு கணக்கு போட்டுப் பாருங்க, ஏறக்குறைய 8ல இருந்து 10 கிலோ. அவ்வளவுதான், ஒரு குடம் தண்ணிய விட கம்மி. இதுக்குப் போய் பல்லக் கடிச்சுட்டு, தோளத் தூக்கிட்டு, வெடுக்குனு இழுக்கிறோம்னா சாவி சின்னதா இருக்கணும் இல்ல நிக்கிற விதம் தப்பா இருக்கணும். கம்பி கனம் கூடக் கூட கதை மாறும், கனத்தோட மூணு மடிப் பெருக்கல் கணக்குல இழுப்பு ஏறும், அதனால 10 எம்எம் ஆனா 8ஐ விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, 12 எம்எம் ஆனா மூணேகால் மடங்குக்கும் மேல. 8ல ஓட்டுற அதே சாவி 12க்கு பத்தாது, அங்க பைப் போட்டு நீட்டுறத விட நீள சாவியே செஞ்சு வச்சுக்கிறது நல்லது, பைப் நழுவி ஆளு பின்னாடி விழுந்தத நான் பாத்திருக்கேன்.

பலகை. நிறைய இடத்துல தரையில ஒரு சட்டத்த போட்டு குத்த வச்சு வளைப்பாங்க, 20 ரிங்குக்கு அது ஓகே, 200 ரிங்குக்கு முதுகு போயிரும். இடுப்புக்கு கொஞ்சம் கீழ வர்ற உயரத்துல கனமான பலகைய வச்சு, கால் ஆடாம ஆணி அடிச்சு நிறுத்துங்க. பலகை ஒரு விரல் கனம் நகந்தாலும் நீங்க இழுக்கிற இழுப்புல பாதி அதுக்கே போயிடும், கோணமும் ஒவ்வொரு ரிங்குக்கும் ஒவ்வொண்ணா வரும்.

பலகைல முளை, அதாவது நிமிந்து நிக்கிற இரும்புக் குச்சி, ரெண்டு வேணும். கம்பி எதச் சுத்தி வளையணுமோ அது நடு முளை, அது கம்பிக்கு உங்க பக்கம் இருக்கணும். இன்னொண்ணு இடது பக்கம், கம்பிக்கு அந்தாண்ட, நீங்க வலது பக்கத்த உங்கள நோக்கி இழுக்கும்போது இடது பக்கம் எகிறிப் போகாம அது தாங்கும். இங்க ஒரு முக்கியமான விஷயம், நடு முளைய ஒல்லியா வைக்காதீங்க. நிறைய பேர் ஒரு 12 எம்எம் துண்ட அடிச்சு அதச் சுத்தியே வளைக்கிறாங்க, மூலை கச்சிதமா கூர்மையா வருதுன்னு ஒரு சந்தோஷம். டிஎம்டி கம்பியோட அமைப்பு என்னன்னா வெளித்தோல் கடினமா இருக்கும், உள்ள மெதுவா இருக்கும், ரொம்ப ஒடுக்கமா மடிச்சா வெளித்தோல்ல, அதுவும் அந்த வரி வரியா இருக்கிற இடத்துல, மயிர் மாதிரி விரிசல் விழும், வெயில்ல திருப்பிப் பாத்தா தெரியும். கம்பி கனத்துக்கு 4 மடங்கு, அதாவது 8 எம்எம்முக்கு 32 எம்எம் முளை இருந்தா கம்பிக்கு நோவு இல்ல. அதுக்கு நான் பண்றது சுலபம், 1 இன்ச் ஜிஐ பைப்போட வெளி விட்டம் 33 எம்எம் சொச்சம் இருக்கும், அதுல 2 இன்ச் உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டி முளை மேல மாட்டிருவேன், உள்ள ஆட்டம் இருந்தா ஒரு சில்லு இரும்ப அடிச்சு இறுக்கிருவேன். மூலைல மெயின் கம்பி கொஞ்சம் தள்ளி உக்காரும்தான், பரவாயில்ல, விரிசல் விட்ட மூலைய விட அது நூறு மடங்கு நல்லது.

இப்ப கை. வலது கைக்காரங்களுக்கு சொல்றேன், இடது கைக்காரங்க எல்லாத்தையும் அப்படியே மாத்திக்கங்க. இடது உள்ளங்கைய முழுசா விரிச்சு கம்பி மேல வச்சு பலகையோட அமுக்கணும், முளைல இருந்து ஒரு ஜாண் தள்ளி. கட்டை விரல மத்த நாலு விரலோட ஒரே பக்கம் வைங்க, கம்பிய சுத்திப் பிடிக்காதீங்க, கம்பிக்கும் முளைக்கும் நடுவுல நசுங்கிப் போறது எப்பவும் அந்த கட்டை விரல்தான். சாவி வாய் முளைல இருந்து ஒரு விரல் இடைவெளில உக்காரணும். தள்ளி வச்சா கம்பி வில்லு மாதிரி சோம்பேறியா வளையும், மூலையே இருக்காது, ரொம்ப ஒட்டி வச்சா சாவி முளைல இடிச்சு கோணம் வர்றதுக்குள்ள நின்னுரும். அந்த ஒரு விரல் இடைவெளி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கணும், ரிங் ஒரே அளவா வர்றதுல பாதி ரகசியம் இதுல இருக்கு.

சாவிய பலகையோட படுத்த மாதிரியே இழுக்கணும். இதத்தான் புதுசா வர்றவங்க விட்டுருவாங்க, இழுக்க இழுக்க கைப்பிடி மேல தூக்கிக்கும், அப்ப கம்பியும் முறுக்கிட்டு மேல ஏறும், முடிஞ்ச ரிங்க தரைல வச்சா நாலு மூலைல ஒண்ணு தூக்கிட்டு ஆடும். கைப்பிடி உங்க இடுப்புக்கு வர்ற மாதிரி நில்லுங்க, இடது கால் முன்னாடி, வலது கால் அரை அடி பின்னாடி, முழங்கை விலாவோட ஒட்டி, இப்ப கைய மடக்காம இடுப்ப திருப்புங்க. உடம்பு திரும்புறப்ப சாவி தானா கூட வரும். முதல்ல மெதுவா, கம்பி "விட்டுக்குடுக்கிற" இடம் கைக்குத் தெரியும், ஒரு சின்ன தளர்ச்சி மாதிரி, அங்க நிறுத்தாம அதே வேகத்துல கடைசி வரை ஒரே இழுப்பு. நடுவுல நிறுத்தி நிறுத்தி இழுத்தா வளைவுல முடிச்சு மாதிரி தெரியும்.

அப்புறம் கம்பி திரும்புற விஷயம். 90 டிகிரிக்கு இழுத்துட்டு விட்டீங்கன்னா அது 90ல நிக்காது, கொஞ்சம் பின்னாடி போகும், டிஎம்டில இது நல்லாவே தெரியும். கண்ணால குத்துமதிப்பா பாத்து கூட இழுக்கிறது வேண்டாம். மூணு துண்டு கம்பி எடுத்து சோதனைக்கு வளைங்க, மூலைமட்டத்துல வச்சுப் பாருங்க, சரியா 90 வந்து நிக்கிற துண்டுக்கு சாவி எது வரை போச்சோ அந்த இடத்துல பலகைல ஒரு பெரிய ஆணி அடிச்சுருங்க. இனிமே சாவி அந்த ஆணில தட்டுற வரை இழுத்தா போதும். 135 டிகிரி கொக்கிக்கு (ரிங்கோட ரெண்டு முனையும் உள்பக்கமா மடங்குறது) இன்னொரு ஆணி, அத கழட்டி மாட்டுற மாதிரி துளைல விடுங்க. கம்பி வேற லோடு வந்தா, வேற கம்பெனி வந்தா, மறுபடியும் மூணு துண்டு சோதனை, ஆணி இடம் கொஞ்சம் மாறும்.

அளவு கணக்குக்கு வருவோம், இது கை வேலை இல்லன்னு நினைக்காதீங்க, துண்டு குட்டையா வெட்டிட்டா எந்தக் கையும் காப்பாத்தாது. 9க்கு 12 இன்ச் பில்லர், அதாவது 230க்கு 300 எம்எம், பில்லருக்கு கவர், அதாவது ரிங்குக்கு வெளில நிக்கிற காங்கிரீட் கனம், 40 எம்எம், ரெண்டு பக்கமும் கழிச்சா ரிங் வெளி அளவு 150க்கு 220. சுத்தளவு 740. இப்ப எல்லா இடத்துலயும் ஓடுற கணக்கு என்னன்னா, கொக்கிக்கு 10 மடங்கு கனம் வீதம் ரெண்டுக்கு 160 கூட்டி, 90 டிகிரி வளைவு மூணுக்கு 2 மடங்கு வீதம் 48, 135 வளைவு ரெண்டுக்கு 3 மடங்கு வீதம் 48, ஆக 96 கழிச்சு 804 எம்எம்னு வெட்டுறது. நானும் பல வருஷம் அப்படித்தான் வெட்டினேன். ஒரு நாள் வளைச்ச ரிங்க எடுத்து கொக்கி வளைவு முடிஞ்ச இடத்துல இருந்து நேரா எவ்வளவு வால் மிஞ்சுதுன்னு டேப் வச்சேன், 35 எம்எம் கூட இல்ல. ஏன்னா அந்த 80ல பெரும்பகுதிய வளைவே தின்னுருது, 32 எம்எம் முளைல 135 டிகிரி சுத்துறதுக்கே 47 எம்எம் கம்பி போகுது. நிலநடுக்கத்த தாங்குற கட்டிடத்துக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 13920, அதோட பழைய 1993 பதிப்புல வால் 10 மடங்கு, குறைஞ்சது 75 எம்எம்னு இருந்துச்சு, 2016ல 6 மடங்கு, குறைஞ்சது 65 எம்எம்னு ஆச்சு, எதப் பாத்தாலும் 35 பத்தாது. 65 வால் வேணும்னா துண்டு 867 வேணும், 80 வால் வேணும்னா 897. நான் இப்ப 900 வெட்டுறேன். 12 மீட்டர் கம்பில 804க்கு 14 துண்டு கிடைக்கும், 900க்கு 13தான், ஒரு கம்பிக்கு ஒரு ரிங் குறையுதுன்னு கான்ட்ராக்டர் முகம் சுளிப்பாரு, அந்த ஒரு ரிங் காசு எவ்வளவுன்னு கணக்கு போட்டு காட்டுங்க, ஒரு ரிங் 355 கிராம் எடைதான் வரும்.

இந்த வாலுக்கு ஏன் இவ்வளவு அழுத்தி சொல்றேன்னா, 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்துல விழுந்த கட்டிடங்கள்ல நிறைய பில்லர்ல ரிங் கொக்கி 90 டிகிரில நின்னுருந்துச்சு. மேல இருக்கிற கவர் காங்கிரீட் உதிர்ந்ததும் அந்த கொக்கிக்கு பிடிமானம் இல்ல, கதவு மாதிரி திறந்துருச்சு, மெயின் கம்பி வெளில பிதுங்கி பில்லர் உக்காந்துருச்சு. 135 டிகிரில வால் உள்ள நடுக் காங்கிரீட்டுக்குள்ள புதைஞ்சு இருக்கும், கவர் போனாலும் பிடிச்சுக்கும். நம்ம ஊருக்கு எதுக்குங்கன்னு கேக்கிறவங்களுக்கு, நிலநடுக்க மண்டலம் பிரிக்கிற விதி ஐஎஸ் 1893, அதோட 2016 பதிப்புல சென்னையும் கோயம்புத்தூரும் மூணாம் மண்டலத்துல இருக்கு.

வளைக்கிற வரிசை. சுருள்ல இருந்து வந்த கம்பின்னா முதல்ல நேராக்கிருங்க, அந்த மிச்ச வளைவு ரிங்க முறுக்கி விடும். துண்டோட ஒரு முனைய வலது பக்கம் வச்சு முதல் கொக்கி 135. அப்புறம் துண்ட தலைமாத்தி, கொக்கி இடது பக்கம், உங்க பக்கம் பாத்த மாதிரி. பலகைல இடது பக்கம் அளவுக்கு ரெண்டு ஆணி அடிச்சிருக்கணும், 220க்கு ஒண்ணு, 150க்கு ஒண்ணு, கொக்கி மூலைய அந்த ஆணில முட்டி வச்சு வலது பக்கம் நீளமா இருக்கிற மிச்ச கம்பிய இழுங்க. நீளம், அகலம், நீளம்னு மூணு 90, ஒவ்வொரு தடவையும் போன மூலைய ஆணில முட்டித்தான் வைக்கணும், பென்சில் கோட்ட நம்பினா ஒரு எம்எம் ரெண்டு எம்எம்னு சேந்து கடைசில 5 எம்எம் போயிரும். ஆரம்பத்துல எனக்கு அப்படி ஒரு 40 ரிங் பெருசா வந்து, பில்லருக்கு காங்கிரீட் ஊத்த பலகை அடிக்கும்போது ரிங் பலகைக்கு கிட்ட வந்து நின்னுச்சு, கவர் பிளாக் (கவர் இடைவெளிக்கு வைக்கிற கட்டி) சரியா நுழைய இடம் இல்ல, அத்தனையும் ஓரங்கட்ட வேண்டியதாப் போச்சு. நிமித்தி மறுபடி வளைச்சுக்கலாமேன்னு கூட நின்னவங்க சொன்னாங்க, மாமா விடல. ஒரு தடவை மடிஞ்ச டிஎம்டிய நிமித்தி அதே இடத்துல மறுபடி மடிச்சா அங்க விரிசல் விழலாம், காய்ச்சி வளைச்சா அந்த கடினமான வெளித்தோலோட பலமே போயிரும், ரெண்டும் கூடாது.

கடைசி கொக்கிதான் எல்லாரையும் படுத்துறது. அப்ப வலது பக்கம் பிடிக்க கம்பியே இருக்காது, ஒரு சாண் கூட இல்லாத வால். இங்க சாவிதான் உங்க கம்பி, வால் நுனி வரைக்கும் சாவி வாய்க்குள்ள வந்துரும், அதனால சாவி நழுவாம இருக்க வாய் இடைவெளி கம்பிய விட 2, 3 எம்எம்முக்கு மேல அகலமா இருக்கக்கூடாது. இன்னொண்ணு, முதல் கொக்கி ஏற்கனவே அந்த மூலைல உக்காந்துருக்கும், கடைசி பக்கம் அது மேல ஒரு கம்பி கனம் ஏறித்தான் போகணும். ரிங் எகிறப் பாக்கும், இடது உள்ளங்கைய ரெண்டு கம்பியும் சேந்த மாதிரி முளைக்கு பக்கத்துல வச்சு உடம்பு எடைய அதுல கொஞ்சம் இறக்குங்க, அப்புறம் இழுங்க. இங்க அவசரப்பட்டு 110, 120 டிகிரில விட்டுட்டு "கட்டும்போது தட்டிக்கலாம்"னு போறவங்க நிறைய, கட்டும்போது யாரும் தட்டுறது இல்ல.

25 ரிங்குக்கு ஒரு தடவை ஒண்ண எடுத்து தரைல வச்சுப் பாருங்க, ஆடுதா? மூலைக்கு மூலை டேப் போடுங்க, 150க்கு 220 ரிங்குக்கு குறுக்களவு 266 வரணும், வளைவ விட்டுட்டு மூலை எங்க சேரும்னு மூலைமட்டத்த வச்சு அளக்கணும், ரெண்டு குறுக்கும் ஒண்ணா இருந்தா ரிங் சதுரிச்சு இருக்கு. ஒரு பக்கம் கூட இருந்தா 90 ஆணி நகந்துருச்சுன்னு அர்த்தம்.

கையுறைக்கு துணி வேண்டாம், வெட்டின முனைல பிசிறு இருக்கும் அதுல மாட்டி இழுக்கும், ரப்பர் பூச்சு போட்ட மெல்லிசு கையுறை போதும். உளி வச்சு துண்டு போடுறவங்க கண்ணுக்கு கண்ணாடி போடாம உக்காராதீங்க.

12 பில்லர் வீடு, பில்லருக்கு 20 ரிங்னு வச்சாலே 240 ரிங், ரிங்குக்கு 5 வளைவு, 1200 தடவை இழுக்கணும், பீம் ரிங் தனி. 50 ரிங்குக்கு ஒரு தடவை சாவிய வச்சுட்டு ரெண்டு கையும் உதறிட்டு தண்ணி குடிச்சுட்டு வாங்க. முடிஞ்ச ரிங்க 25, 25ஆ கொக்கி எல்லாம் ஒரே மூலைல வர்ற மாதிரி கட்டுக்கம்பில கோத்து வைங்க, பில்லர்ல ஏத்தும்போது முதல் ரிங் கொக்கி ஒரு மூலை, அடுத்தது அடுத்த மூலைன்னு சுத்தி சுத்தி மாத்திப் போட அப்பதான் சுலபமா இருக்கும்.