பெட்டா மீன் தொட்டியில் வெப்பநிலையைச் சீராக வைத்திருப்பது எப்படி?

நம் ஊரில் ஃபைட்டர் மீன் என்ற பெயரில் விற்கப்படும் பெட்டா, தாய்லாந்தின் நெல்வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் ஓட்டமில்லாத ஆழமற்ற நீரில் வாழ்ந்துவந்த மீன். உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு இயலாது. ஆகவே, தொட்டி நீரின் வெப்பநிலை எதுவோ அதற்கேற்பவே அதன் செரிமானமும் மூச்சும் நோய் எதிர்ப்பும் நடக்கும். 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு ஏற்றது. 26 டிகிரியை ஒட்டி வைத்திருந்தால் கவலையில்லை. காலையில் 24, மாலையில் 30 என்று ஏறி இறங்கும் தொட்டியில் வாழ்வதைக் காட்டிலும், எந்நேரமும் 24 டிகிரியிலேயே இருக்கும் தொட்டியில் பெட்டா நலமாக இருக்கும். எனவே இங்கே சொல்லப்போகும் எல்லா ஏற்பாடுகளும் அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதற்கானவையே.

முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீரின் அளவு. சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் கடைக்காரர்கள் பெட்டாக்களைச் சிறு பாட்டில்களில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டிலும் ஒரு லிட்டர் குடுவை போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது விற்கும் வரைக்குமான ஏற்பாடு. ஒரு லிட்டர் நீர் அறையின் சூட்டையும் குளிரையும் சீக்கிரமே வாங்கிக்கொள்ளும்; 20 லிட்டர் நீருக்கு அதே மாற்றம் வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். ஹீட்டருக்கும் விசிறிக்கும் செலவழிக்கும் முன் பெரிய தொட்டிக்குச் செலவழிப்பதே என் பரிந்துரை.

தொட்டியை எங்கே வைக்கிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். மேற்குப் பார்த்த ஜன்னலோரம், குளிர்சாதனப் பெட்டியின் மேற்பகுதி, ஏசியின் காற்று நேராக வந்து விழும் இடம் ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும். பகல் முழுவதும் புழுங்கி, இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறை வெளிப்பார்வைக்கு இதமாகத் தோன்றினாலும், நீர் தினமும் ஏறி இறங்குவதால் பெட்டாவுக்கு அதுவே பொல்லாத இடமாகிவிடும்.

கையை விட்டுப் பார்த்து வெப்பநிலையைக் கணிக்க முடியாது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டும் பட்டைகள் அறையின் சூட்டையும் சேர்த்துக் காட்டிவிடும் என்பதால், நீருக்குள் மூழ்கியிருக்கும் வெப்பமானியையே நம்பலாம். புதிய தொட்டியில் ஒரு வாரத்துக்கு விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணியளவிலும் அளவைக் குறித்துவைத்தால், உங்கள் வீட்டுக்கு ஹீட்டர் தேவையா, விசிறி தேவையா, இரண்டும் தேவையில்லையா என்பது அந்தக் குறிப்பிலிருந்தே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டின் சமவெளிகளில் பெரும்பாலும் கோடைதான் சிக்கல். நீர் 30 டிகிரியைத் தாண்டும்போது மீனின் உடல் இயக்கம் வேகமாகிறது, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகிறது. பெட்டா மேற்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் ஆக்சிஜன் குறைவைச் சற்றுத் தாங்கிக்கொள்ளும். அம்மோனியாவிலிருந்து அதற்குத் தப்ப வழியில்லை. விளக்கை அணைத்துவிட்டு, மூடியை எடுத்து அதனிடத்தில் வலையைக் கட்டி, நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறியின் காற்று படும்படி வைத்தால், நீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இந்தப் பலன் குறைவாகவே கிடைக்கும். வலை கட்டாமல் மூடியை எடுத்துவிடக் கூடாது. பெட்டா துள்ளி வெளியே விழக்கூடிய மீன். ஐஸ் கட்டிகளை நேரடியாகத் தொட்டியில் போடுவது மீனுக்கு அதிர்ச்சி தருவதால், அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் ஹீட்டர் இல்லாமல் பெட்டா வளர்ப்பது சரியாகாது. கோயம்புத்தூரின் மார்கழி இரவுகளிலும் பல வீடுகளில் தேவைப்படும். நீர் குளிர்ந்துவிட்டால் மீன் துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கும், இரையைத் தொடாது, வெள்ளைப்புள்ளி நோய்க்கும் எளிதில் ஆளாகும். தெர்மோஸ்டாட் (வேண்டிய சூடு வந்ததும் ஹீட்டரைத் தானாக அணைக்கும் கருவி) உள்ள, முழுவதும் மூழ்கக்கூடிய ஹீட்டரை வாங்க வேண்டும். பத்து லிட்டருக்கு 25 வாட், இருபது லிட்டருக்கு 50 வாட் போதும். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று 100 வாட் வாங்குபவர்கள் உண்டு. தெர்மோஸ்டாட் பழுதாகி அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால், அந்தச் சின்னத் தொட்டியை அது ஒரே இரவில் அபாயகரமான அளவுக்குச் சூடாக்கிவிடும்.

ஹீட்டரை, நீரை ஓடவைத்துச் சுத்தம் செய்யும் ஸ்பாஞ்ச் ஃபில்டரின் அருகே பொருத்தினால் சூடு தொட்டி முழுவதும் பரவும். அதன் வயர் ப்ளக்கை அடையும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் வயரில் வழியும் நீர் ப்ளக்குக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தண்ணீர் மாற்றும்போது முதலில் ஹீட்டரின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பதினைந்து நிமிடம் ஆறவிட்ட பிறகே நீரை இறைக்க வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் நீர்மட்டத்துக்கு மேலே வந்து, மறுபடியும் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். மின்வெட்டு நீண்டால், தொட்டியைச் சுற்றித் தடித்த துண்டையோ கம்பளியையோ போர்த்தி, மேலே காற்றுக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். மின்சாரம் வரும் வரை இரை போட வேண்டாம்.

பார்த்துப் பார்த்துக் காத்த வெப்பநிலை பெரும்பாலும் கெடுவது தண்ணீர் மாற்றும் நாளில்தான். மே மாதப் பிற்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீர் குளிக்கவே முடியாத அளவுக்குச் சுடும். மார்கழி விடியலில் அதே குழாயில் சில்லென்று வரும். முதல் நாள் மாலையே ஒரு வாளியில் நீரைப் பிடித்து, க்ளோரின் நீக்கும் மருந்தைக் கலந்து, மீன் தொட்டி இருக்கும் அறையிலேயே வைத்துவிடுங்கள். மறுநாள் வாளியிலும் தொட்டியிலும் வெப்பமானியை வைத்துப் பார்த்து, வேறுபாடு ஒரு டிகிரிக்குள் இருந்தால் மட்டும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றலாம். ஹீட்டர் ஓடும் தொட்டியானால் வாளி நீர் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். அதில் கொஞ்சம் வெந்நீரைக் கலந்து சமப்படுத்தி, ஒரு குவளையால் நிதானமாக ஊற்ற வேண்டும்.