யாழ்ப்பாணத்து வெயிலில் மலமூட் வளர்ப்பது எப்படி

மலமூட் குட்டியின் படத்தைப் போனில் காட்டி "வாங்கலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: நடுப்பகலில் கரன்ட் போனால் அந்த நாய் எங்கே படுக்கும்?

அலாஸ்கன் மலமூட் வேறு, ஹஸ்கி வேறு. ஹஸ்கி, பார்க்க இதைப் போலவே இருக்கும் இன்னொரு பனிநாய், வேகத்துக்கு. மலமூட், அலாஸ்காவின் மேற்குக் கரையில் மாலேமியூட் என்ற இனுவிட் (வடதுருவப் பழங்குடி) மக்கள் பனியில் பாரம் இழுக்க வளர்த்த இனம். வளர்ந்த ஆண் சுமார் 38 கிலோ, பெண் 34 கிலோ, பல நாய்கள் அதையும் தாண்டும். கண் மண்ணிறம்தான், நீலக்கண் குட்டியைச் சுத்த மலமூட் என்று விற்றால் நம்பாதீர்கள். காவலுக்கு என்று நினைத்தும் வாங்க வேண்டாம், முன்பின் தெரியாதவரிடமும் வாலை ஆட்டிக்கொண்டு போகும்.

உடம்பில் இரண்டு அடுக்கு மயிர். உள்ளே எண்ணெய்ப்பசையோடு கம்பளி மாதிரி, வெளியே முரட்டு மயிர். பாவம் வெயில் என்று மொட்டை அடித்துவிடாதீர்கள், தோலில் நேராக வெயில் படாமல் காப்பது அந்த வெளி மயிர்தான், வழித்தால் பழையபடி வளராமலும் போகலாம். உள்மயிர் கொட்டும் காலத்தில் தினமும் சீவி எடுங்கள், ஒரு தடவைக்கே பை நிறையும்.

நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும், மற்றபடி நாக்கை நீட்டி மூச்சு இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் அதுவும் சரியாக நடக்காது, அதனால் மப்பான புழுக்க நாளும் ஆபத்துத்தான். காலை 9 மணியிலிருந்து மாலை வரை சீமெந்துத் தரையுள்ள அறையில், முடிந்தால் ஏசியில் வையுங்கள். தகரக் கொட்டில் கூடவே கூடாது. நடக்கக் கூட்டிப்போவது விடிய 5 மணிக்கு. இரவில் போவதென்றால் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

போன சித்திரையில் ஒரு நாள் மதியம் கரன்ட் போய் ஃபேன் நின்றுவிட்டது. நான் அறைக்குள் போனபோது எங்கள் நாயின் எச்சில் பசை போல இழுபட்டது, முரசு (பல் ஈறு) கருஞ்சிவப்பு, கூப்பிட்டால் எழும்பவில்லை. கிணற்றடிக்கு இழுத்துப்போய் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் வாளி வாளியாக ஊற்றி, பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே இருந்து, அப்புறம்தான் ஆட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் ஓடினோம். பிழைத்தது. முதலில் குளிர்த்துங்கள், பிறகு ஓடுங்கள். ஈரத்துணியால் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும். உடல் வெப்பம் வழமையாக 38–39 பாகை, 41 ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

ஆனால் தினமும் நனைத்து அப்படியே விட்டால், உள்மயிர் காயாமல் தோல் புண்ணாகும். மாரி மழையில் இதை மறக்கவே கூடாது, துவட்டி, காற்றில் காயவிட்டு, விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணி பாருங்கள்.

வெறும் சோறும் மீன் தண்ணீரும் போதாது. இந்த இனத்துக்குத் துத்தநாகக் குறைபாடு வரும், கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் பொருக்குக் கட்டினால் வைத்தியரிடம் காட்டுங்கள். வெங்காயம் போட்ட குழம்பு இரத்தத்தைக் கெடுக்கும். வளவில் முந்திரிகைப் (திராட்சை) பந்தல் இருந்தால் உதிர்ந்த பழத்தை உடனுக்குடன் பொறுக்குங்கள், திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

ஓலை வேலி இதற்குத் தாங்காது, தோண்டியும் வெளியே போகும், ஆகவே உயர்ந்த மதிலும் அதன் அடியில் கல்லும் வேண்டும். பக்கத்து வளவுக் கோழி, ஆட்டுக்குட்டி எதையும் விடாது. குட்டி வாங்கும்போது தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேளுங்கள், இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும்.

இன்னொன்று, மலமூட் குரைப்பது குறைவு, ஊளையிடும். ஊரில் இரவு நாய் ஊளையிட்டால் சாவுக்குறி என்று பயப்படும் ஆச்சிமார் இருக்கிறார்கள். குட்டி வந்த அன்றே அவர்களிடம் கூட்டிப்போய்க் காட்டி, இதன் குரலே இப்படித்தான் என்று சொல்லிவையுங்கள்.