ஆன்தெகேரா மொயேத்தே: அரை வேக்காட்டு ரொட்டியின் பக்குவம்

ஸ்பெயினின் தெற்கே, ஆண்டலூசியாவின் மாலகா மாகாணத்தில் உள்ள ஊர் ஆன்தெகேரா. அதன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ரொட்டி மொயேத்தே. உள்ளங்கை அளவு, நீள்வட்ட வடிவம், வெளுத்த மேல்புறம், அதன்மேல் மாவுப் பூச்சு. 2020-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. ‘குறைவாக வெந்தது’ என்பதை ஸ்பானிய அரச அகாதமியின் அகராதி இதன் இலக்கணமாகவே எழுதியிருக்கிறது. ஓவனில் இதைச் சிவக்க விடக் கூடாது. சிவப்பும் மொறுமொறுப்பும் சாப்பிடும் நேரத்தில், வாட்டும்போது வர வேண்டியவை.

ஒன்பது மொயேத்தேக்கு: ரொட்டி மாவு (புரதம் கூடிய மைதா) 500 கிராம், தண்ணீர் 360 கிராம், உப்பு 10 கிராம், உலர் ஈஸ்ட் 3 கிராம், ஆலிவ் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி.

முதல் நாள் இரவே இதில் 100 கிராம் மாவு, 65 கிராம் தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட் மூன்றையும் பிசைந்து மூடி வையுங்கள். மணமும் ருசியும் பெரும்பாலும் இந்தப் புளித்த மாவிலிருந்துதான் வருகின்றன. காலையில் மீதி மாவையும் தண்ணீரையும் கலந்து, அரை மணி நேரம் கழித்துப் புளித்த மாவு, ஈஸ்ட், உப்பு, கடைசியாக எண்ணெய் என்று சேர்த்துப் பிசையுங்கள். மாவு கையில் ஒட்டத்தான் செய்யும். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்: ஒட்டுகிறதே என்று மாவு தூவிக்கொண்டே போனால் ரொட்டி இறுகிவிடும். கையை நனைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை மாவை இழுத்து மடித்து விடுங்கள். மூன்று முறை போதும். இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

சுமார் 100 கிராம் உருண்டைகளாகப் பிரித்து, கால் மணி நேரம் ஓய்வு கொடுத்தபின் விரல் நுனிகளால் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி நீட்டுங்கள். பூரிக்கட்டை வேண்டாம். உள்ளே சேர்ந்த காற்றெல்லாம் போய்விடும். மாவு தாராளமாகத் தூவிய துணியில் வைத்து, மேலேயும் தூவி, இன்னொரு துணியால் மூடி 45 நிமிடம் விடுங்கள். மூடாவிட்டால் மேல்புறம் காய்ந்து, வேகும்போது வெடிக்கும்.

ஓவன் 230 டிகிரியில் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். எட்டு முதல் பத்து நிமிடம் போதும். ஓரம் லேசாக நிறம் மாறத் தொடங்கும்போதே எடுத்துவிடுங்கள். சந்தேகமென்றால் வெப்பமானியைக் குத்திப் பாருங்கள்: உள்ளே 93 டிகிரி இருந்தால் வெந்துவிட்டது. உடனே துணியில் சுற்றி ஆறவிட்டால் அதன் ஆவியே மேல்தோலை மிருதுவாக்கிவிடும். குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தால் வெளுப்பாகத்தான் இருக்கும், ஆனால் உள்ஈரம் வற்றி வறண்டுவிடும்.

இனிச் சாப்பிடும் முறை. பக்கவாட்டில் கத்தி விட்டு மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகம் மட்டும் சூட்டில் படும்படி இரும்புக் கல்லில் வாட்டுங்கள். வெட்டிய பக்கம் மொறுமொறுவென்றும் தோல் பக்கம் மெத்தென்றும் இருக்க வேண்டும். விருப்பமானால் பச்சைப் பூண்டை அதில் ஒருமுறை தேய்க்கலாம். அடுத்து ஆலிவ் எண்ணெய், அந்தப் பக்கத்து ஓஹிபிளாங்கா என்ற ஆலிவ் ரகமானால் இன்னும் நல்லது. இதில் தக்காளியும் பரப்புவார்கள்; எண்ணெய் முதலா தக்காளி முதலா என்ற வழக்கில் நம் தீர்ப்பு எண்ணெய்க்கே. தக்காளிச் சாறு ரொட்டியை உடனே ஊறவைக்காமல் அது தடுக்கும். கத்தலோனியாவில் செய்வதுபோல் தக்காளியை ரொட்டியில் நேரடியாகத் தேய்க்காதீர்கள். அது கெட்டியான ரொட்டிக்குப் பொருந்தும், மொயேத்தே கிழிந்துவிடும். பழுத்த தக்காளியைப் பாதியாக வெட்டித் துருவி, தோலை ஒதுக்கி, ஐந்து நிமிடம் வடிகட்டியில் வைத்துக் கரண்டியால் பரப்புங்கள். உப்பு கடைசியில். அதன்மேல் மெல்லிய ஹமோன் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை இறைச்சி) துண்டுகளையும் அடுக்கலாம்.

இன்னொரு வகை மந்தேகா கொலோரா: பாப்ரிகா (ஸ்பானிய சிவப்பு மிளகாய்த்தூள்), பூண்டு, ஓரிகனோ சேர்த்து உருக்கிய செந்நிறப் பன்றிக் கொழுப்பு. சூடான ரொட்டியில் உருகி இறங்கும்படி தடவ வேண்டும். இதோடு எண்ணெயும் தக்காளியும் கூடாது.

ஒரே நாளில் காய்ந்துவிடும் ரொட்டி இது. மிஞ்சுவதை அன்றே பிளந்து ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்தபடியே கல்லில் போட்டு வாட்டலாம்.