‘ஃபோர்காஸ்ட்’ என்ற சொல்லை எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது

கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டு ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறி அறிக்கை எழுதுபவர்களுக்கு ‘பிரடிக்ட்’, ‘ஃபோர்காஸ்ட்’ ஆகிய இரண்டு சொற்களும் ஒன்றுபோலத் தோன்றுவதற்கு நமது தமிழும் ஒரு காரணம். இரண்டுக்கும் ‘எதிர்வுகூறல்’ என்றே எழுதிப் பழகிவிட்டதால், ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது எது முதலில் நினைவுக்கு வருகிறதோ அதைப் போட்டுவிடுகிறோம்.

பிரித்தறிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வாக்கியத்தை எழுதி முடித்ததும் “எதைக் கொண்டு சொல்கிறீர்கள்?” என்று உங்களையே கேளுங்கள். பதிவேடு, அளவீடு, கடந்த மாதங்களின் விற்பனைத் தொகை என்று கையில் எடுத்துக் காட்டக்கூடிய தரவும் அதிலிருந்து போட்ட கணக்கும் இருந்தால் ‘ஃபோர்காஸ்ட்’ பொருந்தும். ‘பிரடிக்ட்’ இதைவிடப் பரந்தது; அறிவியல் கோட்பாடும் ஒன்றைப் ‘பிரடிக்ட்’ செய்யும், கிரிக்கெட் பார்க்கும் பக்கத்து வீட்டு மாமாவும் செய்வார். சாதகம் பார்த்துச் சொல்வதற்கு ‘ஃபோர்காஸ்ட்’ ஒத்துவராது என்பதே என் கருத்து. ஆங்கிலப் பத்திரிகைகளின் இராசிபலன் பகுதியில் அச்சொல்லைக் காணலாம் என்றாலும், அலுவலகக் கடிதத்துக்கு அதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.

இந்த வேறுபாட்டை வலியுறுத்தியவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிச் சென்ற ‘பீகிள்’ கப்பலின் கப்டனாக இருந்த அவர், பின்னாளில் பிரித்தானியாவின் வானிலைப் பிரிவுக்குப் பொறுப்பேற்று, 1861 ஆகஸ்ட் 1 அன்று ‘தி டைம்ஸ்’ பத்திரிகையில் பொதுமக்களுக்கான வானிலை எதிர்வுகூறலை வெளியிடத் தொடங்கினார். தாம் வெளியிடுபவை தீர்க்கதரிசனமும் அல்ல, ‘பிரடிக்‌ஷனும்’ அல்ல என்றும், அறிவியல் முறையில் சேர்த்துக் கணக்கிட்டுப் பெறும் கருத்துக்கே ‘ஃபோர்காஸ்ட்’ என்ற சொல் உரியது என்றும் 1863 இல் அவர் எழுதினார். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழங்கிவந்த அச்சொல்லுக்கு, முன்கூட்டியே திட்டமிடுதல் என்பதுதான் பழைய பொருள்.

நமது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் பிற்பகலில் ‘இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்’ என்று தமிழில் வரும் இடத்தில், ஆங்கிலத்தில் ‘வில் அக்கர்’ (நிகழும்) என்று இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தலைப்பிலுள்ள ‘ஃபோர்காஸ்ட்’ என்ற சொல்லே நிச்சயமின்மையை ஏற்றுக்கொண்டுவிடுவதால் ஆங்கில வாக்கியம் துணிந்து பேசுகிறது. தமிழிலோ அந்தப் பாரத்தை ‘கூடும்’ சுமக்கிறது. மொழிபெயர்ப்பவர்கள் இந்தக் ‘கூடும்’ என்பதை வெட்டிவிட்டால், குடையோடு வெள்ளவத்தையில் பஸ் ஏறியவர் மழையில்லாத நாளில் திணைக்களத்தைத் திட்டுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கப்பலில் வரவேண்டிய பொருள் 12ஆம் திகதி வந்துசேரும் என்று ‘வீ ஃபோர்காஸ்ட்’ போட்டு ஒரு குறிப்பு எழுதினேன். முகாமையாளர் அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, “எந்தக் கணக்கின்படி, தம்பி?” என்று கேட்டார். கணக்கு ஏதும் இல்லை. அனுப்புபவர் தொலைபேசியில் சொன்ன திகதி அது. அங்கே எழுதியிருக்க வேண்டியது ‘எக்ஸ்பெக்ட்’. அதே அலுவலகத்தில் சித்திரைப் புத்தாண்டு விற்பனையை முந்தைய ஆண்டுகளின் தொகைகளை வைத்து மதிப்பிட்டபோது, ‘சேல்ஸ் ஃபோர்காஸ்ட்’ என்பதை அவர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்.

நிலநடுக்கத்தைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். இன்ன நாள், இன்ன இடம், இன்ன அளவு என்று மூன்றையும் குறித்துச் சொல்வதையே அத்துறையினர் ‘பிரடிக்‌ஷன்’ என்பர். பெரிய நிலநடுக்கம் எதையும் அவ்வாறு நம்பத்தக்க முறையில் முன்கூட்டிச் சொல்ல இதுவரை எவராலும் இயலவில்லை. ஒரு பிரதேசத்தில் இத்தனை ஆண்டுகளுக்குள் நிகழும் வாய்ப்பு இவ்வளவு என்று சொல்வது ‘ஃபோர்காஸ்ட்’. மத்திய வங்கியின் பணவீக்கம் பற்றிய அறிக்கைகளில் வரும் ‘புரொஜெக்‌ஷன்’ வேறு வகை: எடுகோள்கள் இவ்வாறு இருந்தால் முடிவு இவ்வாறு அமையும் என்று அது நிபந்தனையோடு பேசுகிறது.

‘ஃபோர்காஸ்ட்’ என்பதற்குத் தமிழகத்தில் வழங்கும் ‘முன்னறிவிப்பு’ நல்ல சொல்தான். ஆனால், இங்கே நீர்வெட்டுக்கும் முன்னறிவித்தல் தருகிறார்கள். அது முடிவுசெய்துவிட்ட ஒன்றை அறிவிப்பது. ஆகவே இலங்கை வாசகருக்கு ‘எதிர்வுகூறல்’ என்றே எழுதுவேன்.

இலக்கணத்தில் இரண்டு இடங்களில் தவறுகிறோம். ‘ஃபோர்காஸ்ட்’ வினையாக வரும்போது அதன்பின் ‘அபவுட்’ போடக்கூடாது. ‘த டிபார்ட்மென்ட் ஃபோர்காஸ்ட்ஸ் ரெயின்’ என்று நேரே எழுத வேண்டும். இறந்த காலத்துக்கு ‘ஃபோர்காஸ்ட்’, ‘ஃபோர்காஸ்டட்’ இரண்டையும் அகராதிகள் ஏற்கின்றன. முதலாவதே கூடுதலாகப் புழங்குகிறது. இங்கேதான் சிக்கல்: மேலுள்ள வாக்கியத்தில் வினையின் இறுதி ‘ஸ்’ விடுபட்டால், திணைக்களம் மழையை எப்போதோ எதிர்வுகூறிவிட்டது என்று பொருள் மாறிவிடும். பேசும்போதும் அந்த ‘ஸ்’ நமது வாயில் எளிதில் தேய்ந்துவிடுகிறது. பெயராயினும் வினையாயினும் அழுத்தம் முதல் அசையான ‘ஃபோர்’ மீதே விழும்.